இருநூற்றுப் பன்னிரண்டாவது மனு

அத்தியாயம் 9

அந்தத் தாளைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டு நான்கு நாட்களாக வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்து கொண்டிருந்தாள் கீர்த்திகா.

வெள்ளிக்கிழமை மாலை சந்தைவெளி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆட்சேபப் பெட்டியைத் திறந்து கொட்டியபோது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் இருந்தன. சந்தைக்குக் கிழக்கே அறுபத்திரண்டு ஏக்கரில் ஒரு கம்பெனி கட்டப்போகும் ஆயிரத்து நானூறு வீடுகளை எதிர்த்து ஊரார் எழுதியவை. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது ஒப்பந்த ஊழியரான அவளுடைய வேலை.

பாதிக்கு மேல் ஒரே மாதிரி அச்சடித்த தாள்கள். ஒன்று மட்டும் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதியது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை.

அவளுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. மளிகைப் பட்டியலிலும் காலண்டர் ஓரத்திலும் தினமும் பார்க்கிற எழுத்துதான். அவளுடைய மாமனார் தெட்சிணாமூர்த்தியின் எழுத்து.

‘கீழவெளியில் நாற்பது அடி அகல வடிகால் ஒன்று உண்டு. ஊர்த் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகவே கடலுக்குப் போகிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அது பயன்பாட்டில் இல்லாத தரிசு என்று அறிக்கை எழுதியவன் நான். அது பொய். அங்கே வீடு கட்டினால் புது வீடுகளும் மூழ்கும், பழைய ஊரும் மூழ்கும்.’

அவ்வளவுதான். அடியில், முப்பது வருடத்துக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக இருந்த பழக்கம் விடாமல் ‘நகல்: கம்பெனி மேலாளர்’ என்று ஒரு வரி. பெயர் போடப் பயந்த மனிதர் நகல் போட மறக்கவில்லை!

அதே கம்பெனியில்தான் அவளுடைய கணவன் கலைவாணன் சைட் இன்ஜினியர்.

கீர்த்திகா பதிவேட்டில் இருநூற்றுப் பதினொன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். அன்றிலிருந்து, வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்கூட அவள் கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. சந்தை நாள். மதியம் மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம்.

இரண்டு நாளாக மழை விடவில்லை.

---

“இன்னைக்கு லீவு போட்டுடேன், கீர்த்தி” என்றான் கலைவாணன், தோசையைப் பிய்த்தபடி.

“இன்னைக்கா? கூட்டத்துல மனுப் பட்டியல நான்தானேங்க வாசிக்கணும்?”

“காய்ச்சல்னு சொல்லு. வேற யாராவது வாசிப்பாங்க.”

“எதுக்குங்க?”

“சும்மாதான் சொன்னேன்.”

சும்மா சொல்கிறவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லமாட்டான். அவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் தன்னிடம் இருப்பதையும் சொல்ல வேண்டி வரும். சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

தெட்சிணாமூர்த்தி கூடத்திலிருந்து வெளியே வந்தார். அலுவலகத்துக்குப் போகும் காலத்தில் போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் நாலு நாள் தாடி.

“சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன். கீரை வாங்கணும்.”

“இந்த மழையில கீரைய எவன் கொண்டாருவான்?” என்றாள் அவர் மனைவி திரிபுரசுந்தரி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல். “ராத்திரியும் சாப்பிடல. பேசாம உக்காருங்க.”

அவர் படியிறங்கினார். மருமகளைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றார். ஏதோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியில் போட்ட தாள் என்னவாயிற்று என்று கேட்க நினைத்திருப்பார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று கீர்த்திகாவுக்குத் தெரியவில்லை.

---

சந்தைத் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கொட்டகையின் ஓட்டுக்கூரைக்குக் கீழே காய்கறிக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வாசலில் கம்பெனியின் விளம்பரப் பலகை. ‘ஆயிரத்து நானூறு இல்லங்கள், நீச்சல் குளத்துடன்.’ பலகையின் காலடியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

“பாத்து வா தங்கச்சி!” என்று குரல் கொடுத்தாள் சந்திரா. திருவேட்டக்குடியிலிருந்து வாரந்தோறும் மீன் கொண்டு வருகிறவள். கூடையைத் தரையில் வைக்க முடியாமல் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். “இருபது வருசமா இங்க கூடை வைக்கிறேன். எந்த மழைக்கும் இந்தத் தெருவுல தண்ணி நின்னதில்ல. வந்த வேகத்துல வடிஞ்சிரும்.”

“மழை ஜாஸ்திக்கா.”

“இதென்ன மழை? இதவிடப் பேய் மழையெல்லாம் பாத்தாச்சு. வீடு வரட்டும்னுதான் நானும் ஆசைப்பட்டேன். ஆயிரம் வீடு வந்தா ஆயிரம் மீன் சட்டி அடுப்புல ஏறும்ல? ஆனா போன மாசம் கிழக்கால லாரி லாரியா மண்ணு போச்சு பாரு, அதுலேருந்து எனக்கு என்னமோ சரியாப் படல.”

கீர்த்திகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். தண்ணீர் எங்கும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே மெதுவாக உயர்ந்துகொண்டிருந்தது.

---

அலுவலகத்தில் ஊழியர்கள் யாரும் இல்லை. கண்காணிப்பாளர் மன்சூர் அலி மண்டபத்தில் நாற்காலி போடும் வேலையைப் பார்க்கப் போயிருந்தார்.

அவள் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் மேலாளர் ஆனந்தராஜ். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நனைந்த குடையைக் கவனமாக வாளியில் வைத்திருந்தார்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

“ஆச்சு சார்.”

“பதிவேட்டப் பாத்தேன். இருநூத்திப் பதினொண்ணு.”

“ஆமா சார்.”

“பெட்டியத் திறந்தப்ப கூட இருந்த பியூன் இருநூத்திப் பன்னெண்டுன்னு எண்ணுனதா சொல்றாரு.”

கீர்த்திகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்கார மறந்துபோனது.

ஆனந்தராஜ் சிரித்தார். “பயப்படாதீங்க. திட்டறதுக்கு வரல. நன்றி சொல்ல வந்தேன்.”

செல்போனை அவள் பக்கம் திருப்பினார். திரையில் கோடு போட்ட தாள், நீல மை.

“எங்களுக்கு நகல் வந்துச்சு. அப்ப ஒரிஜினல் இங்க வந்திருக்கணுமே, பட்டியல்ல இல்லையேன்னு யோசிச்சேன். பழைய அறிக்கையோட ஜெராக்ஸ் எங்க ஃபைல்ல இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா சின்னக் குழந்தைக்கும் தெரியும், யாரு எழுதுனதுன்னு. அப்பறந்தான் புரிஞ்சுது, அந்த வீட்டு மருமக விவரமான பொண்ணுன்னு.”

வெளியே மழை ஓங்கியது.

“பெரியவரு மனசு கேக்காம எழுதிட்டாரு. நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பொய் அறிக்கை கொடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்டா பென்ஷன நிறுத்துவாங்க, கேஸு போடுவாங்க. இந்த வயசுல கோர்ட்டுப் படியேறணும். நமக்கு எதுக்கும்மா அது?”

நமக்கு என்ற அந்தச் சொல்தான் அவளை உலுக்கியது. மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இந்த மனிதர் தன்னை அவருடைய ஆளாகவே எழுதிக்கொண்டுவிட்டார்.

“கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தத் தாள எங்கிட்ட கொடுத்துடுங்க. கலைவாணன நிரந்தரம் பண்ற உத்தரவு என் மேசைமேலதான் இருக்கு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். தரையில் சிந்திய தண்ணீரைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

---

ஒரு மணிக்குத் திரிபுரசுந்தரி போன் செய்தாள்.

“கீர்த்தி, மாமா அங்க வந்தாரா?”

“இல்லையே அத்தை. இன்னும் வீட்டுக்கு வரலையா?”

“காலைல போனவரு. போன இங்கயே வச்சிட்டுப் போயிட்டாரு. பரண்ல இருந்த டிரங்குப் பெட்டி திறந்து கெடக்கு. அந்தப் பழைய ஆபீஸ் நோட்டு இருக்குமே, வயல அளந்து எழுதி வச்சது, அதக் காணும்.” குரல் உடைந்தது. “நாலு நாளா மனுசன் சரியில்லம்மா. எனக்கு என்னென்னமோ தோணுது.”

என்னென்னமோ என்றால் என்ன என்று கீர்த்திகா கேட்கவில்லை. அவளுக்கும் அதுவேதான் தோன்றியது.

கலைவாணனுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் பைக்கில் வந்து நின்றான். மழைக்கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை.

சந்தைத் தெரு முனையில் சந்திரா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். “உன் மாமனாரா? அவரு அப்பவே கீழவெளிப் பக்கம் போனாரே. குடையும் இல்ல, ஒண்ணுமில்ல. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல.”

கலைவாணன் வண்டியை முறுக்கினான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பைக் கிழக்கே போனது.

“மொட்டைக் கடுதாசி ஒண்ணு” என்று அவன் திடீரென்று ஆரம்பித்தான். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. “நேத்து ஆனந்தராஜ் சார் காட்டுனாரு. யாரு எழுத்துன்னு தெரியுமான்னாரு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“அதனாலதான் லீவு போடச் சொன்னீங்களா?”

“நீ அதப் பாத்துட்டா தாங்கமாட்டேன்னு நினைச்சேன்.”

“நான் வெள்ளிக்கிழமையே பாத்துட்டேங்க. எம் பையிலதான் இருக்கு.”

பைக் ஒருமுறை தடுமாறி நிமிர்ந்தது. அவன் ஒரு கையால் பின்னால் துழாவி அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

---

கீழவெளியில் வயலும் வரப்பும் தெரியவில்லை. ஒரே வெள்ளக்காடு.

வலப்பக்கம், கம்பெனி லாரிகள் போவதற்காக வடிகாலின் குறுக்கே கொட்டிய மண் மேடு ஆள் உயரத்துக்கு நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வடிகாலில் முழங்கால் தண்ணீர்தான். இந்தப் பக்கம், ஊரிலிருந்து வந்த தண்ணீர் அத்தனையும் வந்து முட்டிக் கலங்கி நின்றது.

“அப்பா!” என்று கத்தினான் கலைவாணன்.

ஐம்பது அடி தூரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளைச் சட்டையின் தோள் தெரிந்தது. ஒரு கை கருவேல மரக் கிளையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை பிளாஸ்டிக் பையில் சுற்றிய எதையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது.

“காலு புதைஞ்சிடுச்சுடா” என்றார். அவ்வளவு மெல்லிய குரலை அவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை.

கலைவாணன் இறங்கினான். இரண்டாவது அடியிலேயே மார்பளவு. கீர்த்திகா கரையில் மண்டியிட்டாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு அவளுடைய கணவனின் கழுத்தைத் தொட்டது. ஊரில் நீந்தத் தெரிந்தவர்களின் பெயர்களெல்லாம் தலைக்குள் ஓடின. ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவன் போய்ச் சேர்வதற்குள் கிளை முறிந்தால் என்ன செய்வது? இரண்டு பேரும் போய்விட்டால் அத்தையிடம் என்ன சொல்வது?

கலைவாணன் அப்பாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். ஒருமுறை இழுத்தான். வரவில்லை. மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் மூழ்கினான்.

அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று… பதினேழு வரை வந்தபோது எண்கள் மறந்துபோயின.

அவன் தலை வெளியே வந்தது. மாமாவின் கால் சேற்றிலிருந்து விடுபட்டு இருவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். அவரை அணைத்தபடி கலைவாணன் தட்டுத் தடுமாறிக் கரைக்குப் பக்கத்தில் வந்தான். கீர்த்திகா முந்தானையை அவிழ்த்து முறுக்கி வீசினாள். கலைவாணன் அதைப் பிடித்தான். அவள் பின்னால் சாய்ந்து, குதிகால்கள் மண்ணில் பதியப் பதிய இழுத்தாள்.

கரையேறிய பிறகும் தெட்சிணாமூர்த்தியின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. பிளாஸ்டிக் பைக்குள் நோட்டு நனையாமல் இருந்தது.

“எதுக்குப்பா இங்க வந்தீங்க? எதுக்கு?” கலைவாணன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

“இங்க வடிகாலே இல்லன்னு கூட்டத்துல சொல்லுவாங்கடா. எல்லைக்கல்லு ரெண்டு பக்கமும் உண்டு. பிடுங்கிட்டாங்களான்னு பாக்க வந்தேன்.” இருமினார். “இருக்கு. காலால தடவிப் பாத்தேன். ரெண்டுல ஒண்ணு இருக்கு.”

கலைவாணன் மண் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்த மண்ண நான்தாம்பா அடிக்கச் சொன்னேன். பழைய ரிப்போர்ட்ல தரிசுன்னு இருந்துச்சு. நம்பிட்டேன்.”

மகன் முன்னால் தெட்சிணாமூர்த்தி தலை நிமிரவே இல்லை.

---

வீட்டில் சூடான கஞ்சியைக் குடித்து, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்ததும் அவர் மருமகளைக் கூப்பிட்டார்.

“பெட்டியில போட்டது உங்கிட்ட இருக்குன்னு கலை சொன்னான்.”

“இருக்கு மாமா. நீங்களும் கூட்டத்துக்கு வாங்க. அதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

“வேணாம்மா. அதக் கிழிச்சுப் போட்டுடு.”

அவள் திகைத்துப்போனாள். ஒரு கல்லுக்காக மார்பளவு தண்ணீரில் நின்றவர், ஒரு கையெழுத்துக்குப் பயப்படுகிறாரே!

“பென்ஷனுக்காகவா மாமா?”

“கிழிச்சுடும்மா” என்றார் மறுபடியும், சுவரைப் பார்த்தபடி.

மணி இரண்டரை. கீர்த்திகா வேறு சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தாள் கைப்பையிலேயே இருந்தது. அதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. மண்டபம் வரைக்கும் அவளுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரியவே இல்லை.

---

மண்டபத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோருடைய காலும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

மேடையில் காரைக்காலிலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் மன்சூர் அலி, ஓரத்தில் மைக்கும் பதிவேடும். முதல் வரிசையில் ஆனந்தராஜ். கீர்த்திகா அவரைக் கடந்தபோது அவர் எழுந்து நிற்காமல், கையை மட்டும் மடியில் விரித்து வைத்தார். தாளை வாங்கிக்கொள்வதற்கு.

அவள் நிற்கவில்லை. மேடை ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது அந்தக் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது.

“மனுக்களோட விவரத்த வாசிங்கம்மா” என்றார் அதிகாரி.

“மொத்தம் வந்த மனு…” மைக் கீச்சிட்டது. கண்ணுக்கு முன்னால் கணவனின் தலை தண்ணீருக்குள் மறைந்தது. “மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு.”

மன்சூர் அலி நிமிர்ந்து பார்த்தார். கீர்த்திகா கைப்பையைத் திறந்தாள். தாளைப் பிரித்து, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். ‘நகல்: கம்பெனி மேலாளர்’ என்பதையும் விடவில்லை.

தாளை அதிகாரியிடம் நீட்டினாள். மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“அமைதி!” அதிகாரி மேசையைத் தட்டினார். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பேரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. இத ஏத்துக்க முடியாது. அதோட பதிவேட்டுல இருநூத்திப் பதினொண்ணுதானே இருக்கு? இது எங்கேருந்து வந்துச்சு?”

“நான்தான் சார் எடுத்து வச்சேன்.”

மன்சூர் அலி கண்களை மூடிக்கொண்டார். “கீர்த்திகாம்மா…” என்றார் தாழ்ந்த குரலில். “ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“எழுதுனவங்க யாருன்னு எனக்குத் தெரியும் சார். பயந்துட்டேன்.”

“யாரு எழுதுனது?” என்றார் அதிகாரி.

அவள் வாயைத் திறந்தாள். மாமாவின் பெயர் நாக்கு வரை வந்து நின்றது. அதைச் சொல்கிற உரிமை தனக்கு உண்டா? மண்டபம் முழுக்க அவளையே பார்த்தது.

“எங்க வீட்டுக்காரருதாங்க எழுதுனாரு.”

கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். திரிபுரசுந்தரி வாசற்படியில் நின்றிருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கையால் கணவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கலைவாணன் அவர்களுக்குப் பின்னால் நின்றான். இந்த ஊரில் எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை.

“கலை எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்றாள் கணவரிடம், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி. “பதினெட்டு வருசமா எங்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தீங்க. மூணு நாளா சந்தைத் தெருவுல நிக்குது பாருங்க தண்ணி, அது யாரக் கேட்டு நிக்குது? போங்க. போய்க் கையெழுத்துப் போடுங்க.”

இரண்டு நாள் மழையை அவள் மூன்றாக்கியதை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் வழிவிட்டது. தெட்சிணாமூர்த்தி மேடை வரை நடந்தார். மருமகளைப் பார்த்தார். “நீ கிழிச்சிருக்கலாம்மா” என்றார். கோபம் இல்லை. பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரை எழுதினார். அடியில், ‘கிராம நிர்வாக அலுவலர் (ஓய்வு)’ என்று போட்டார். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எல்லைக்கல் அளவு இதுல இருக்குங்க. எல்லாம் நானே அளந்தது.”

“சார், இப்பவே வந்து பாருங்க” என்று கூட்டத்திலிருந்து கத்தினான் கலைவாணன். “வடிகால நான்தான் மண்ணடிச்சு அடைச்சேன். கம்பெனி இன்ஜினியர் நான். ராத்திரிக்குள்ள அந்த மண்ண வெட்டலன்னா ஊரு தாங்காது.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்பது கீர்த்திகாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மண்ணை வெட்டிவிட உத்தரவு போனது. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பழைய கோப்பை வரவழைப்பதாக அதிகாரி சொன்னார். நாளை காலை தெட்சிணாமூர்த்தி வாக்குமூலம் தர வேண்டும். மறு உத்தரவு வரும்வரை கீர்த்திகா வேலைக்கு வரவேண்டாம். அதைச் சொல்லும்போது மன்சூர் அலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யார் யாரோ வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். ஆனந்தராஜின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

---

மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தெட்சிணாமூர்த்தி தனியாக உட்கார்ந்திருந்தார். கீர்த்திகா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எது வந்தாலும் பாத்துக்கலாம் மாமா. நாங்க இருக்கோம்.”

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“எனக்காகப் பயந்துகிட்டு நான் பேரு போடாம இருக்கலம்மா. பேரு போட்டா பழைய ஃபைல எடுப்பாங்க. அந்த அறிக்கையில ரெண்டு கையெழுத்து.”

“ரெண்டா? இன்னொண்ணு யாரு?”

“வி.ஏ.ஓ. மட்டும் போட்டா செல்லாது. சர்வேயரும் போடணும்.” அவர் குரல் தேய்ந்தது. “அப்ப இந்தப் பகுதிக்கு சர்வேயர் கோவிந்தராசு.”

கோவிந்தராசு. சுரக்குடியில், இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலி வந்து இப்போதும் மாடிப்படி ஏறாமல் இருக்கிற கோவிந்தராசு. கீர்த்திகாவின் அப்பா.

சுற்றிலும் இருந்த சத்தமெல்லாம் தூரத்துக்குப் போனது போலிருந்தது அவளுக்கு.

“நீ அப்ப ஆறாவது படிச்சுக்கிட்டிருந்த. உங்கப்பா மாட்டேன்னுதாம்மா சொன்னாரு. வேலைய விட்டாலும் விடுவேன், இதுல போடமாட்டேன்னாரு. மேலேருந்து என்னைய நெருக்குனாங்க. நான்தான் உங்க வீட்டுக்கு வந்து, அவரு கையப் பிடிச்சுக் கெஞ்சி, போட வச்சேன். என் பேரு மட்டுமே வெளிய வர்ற மாதிரி எழுதிடலாம்னு பாத்தேன். அப்படி ஒரு வழியே இல்லம்மா, அதான் பேரில்லாமப் போட்டேன்.”

“அதனாலதான் என்னைய உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்களா?”

டம்ளரிலிருந்த தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது.

கீர்த்திகா அங்கிருந்து விலகி ஓடினாள். அப்பாவுக்கு இது வேறு யார் மூலமாகவும் தெரியக்கூடாது. தானே சொல்ல வேண்டும், மெதுவாக, பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு. போனை எடுத்து அழுத்தினாள். விரல் ஈரத்தில் வழுக்கியது. மூன்றாவது தடவைதான் மணி அடித்தது.

அம்மாதான் எடுத்தாள்.

“கீர்த்தியா? சொல்லும்மா. அங்க மழை எப்படி?”

“அம்மா, அப்பா எங்க?”

“கூடத்துல பேசிக்கிட்டிருக்காரு. உங்க ஊருல வீடு கட்டுற கம்பெனிக்காரரு ஒருத்தரு கார்ல வந்திருக்காரு. இப்பத்தான் வந்தாரு, அரைமணி நேரம் இருக்கும். உன்னைய நல்லாத் தெரியுமாமே? ரொம்பத் தன்மையானவரு. சத்தமே போடாமப் பேசறாரு.”

“அம்மா, நான் சொல்றதக் கேளு…”

“அப்பாவுக்கு உடம்பு வேர்த்துக்கிட்டே இருக்கு. ஃபேன் போட்டும் கேக்கல. பழைய அறிக்கை சரிதான்னு ஏதோ தாள்ல கையெழுத்துப் போடணுமாம், அதான் கண்ணாடிய எடுத்துட்டு வான்னாரு. தேடிக்கிட்டிருக்கேன். ஆங், கெடச்சிருச்சு. இரு கீர்த்தி, கொடுத்துட்டு வந்து பேசறேன்.”

“அம்மா, கொடுக்காத! கண்ணாடியக் கொடுக்காதம்மா!”

போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு, கூடத்தை நோக்கிப் போகும் அம்மாவின் காலடிச் சத்தம்.